அந்த ஒன்பது நிமிடம்

இளவெயினியை யாரும் ஒரு குற்றம் சொல்லிவிடக் கூடாது. சின்ன வயதிலிருந்தே அப்படித்தான். பால் பொங்கி வழிந்தால் அடுப்பு சரியில்லை என்பாள். பஸ்ஸைத் தவறவிட்டால் டிரைவருக்கு என்ன அப்படி அவசரம் என்பாள். அப்படிப்பட்டவள் ஒரே மாதத்தில் முந்நூறுக்கும் மேற்பட்ட மன்னிப்புக் கடிதங்களில் கையெழுத்துப் போட வேண்டியதாயிற்று. காரணம் கம்ப்யூட்டர் நிரலில் ஒரே ஒரு வரி. அதுவும் அவள் எழுதிய வரி இல்லை, எழுத மறந்த வரி.

அவள் வேலை செய்த கம்பெனி கோயம்புத்தூர் சரவணம்பட்டியில் ஒரு ஏழாவது மாடியில் இருந்தது. அவர்கள் விற்றது 'போகட்டும்' என்ற செயலி. காதுக்குப் பின்னால் மிளகு அளவில் ஒரு வில்லையை ஒட்டிக்கொள்ள வேண்டும். இரண்டு பேர் பேசிக்கொண்டிருக்கிறார்கள், பேச்சு ஏடாகூடமாகப் போய்விட்டது என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒருவர் போனை எடுத்து பேக் பட்டனை அமுக்குவார். எதிராளியின் போன், "போகட்டுமா?" என்று கேட்கும். அவரும் அமுக்கினால் தீர்ந்தது. கடைசியாகப் பேசிய விஷயம் இருவர் தலையிலிருந்தும் கழன்றுவிடும். அதிகபட்சம் பத்து நிமிடம். அதற்கு முந்திய பேச்சில் போய் நிற்பார்கள், ஒரு திரையிலிருந்து முந்தின திரைக்குப் போவது மாதிரி.

வந்த புதிதில் ஊரே கொண்டாடியது. சம்பந்திகள் முறைத்துக்கொள்ளாமல் கல்யாணங்கள் முடிந்தன. அப்புறம்தான் ஒவ்வொன்றாகத் தெரிய ஆரம்பித்தது. சண்டை மறந்துபோயிற்று, சண்டையின் காரணம் அங்கேயே உட்கார்ந்திருந்தது. மன்னிப்புக் கேட்டிருந்தால் அதுவும் சண்டையோடு சேர்ந்தே போயிற்று. பீளமேட்டில் ஒரு தம்பதி, ஃப்ரிட்ஜ் கதவை யார் சரியாக மூடவில்லை என்று நாற்பது தடவை சண்டை போட்டார்கள். நாற்பது தடவையும் அவர்களுக்கு அது முதல் தடவைதான். இளவெயினி இதையெல்லாம் கேள்விப்படுவாள். "நான் பட்டனும் மெனுவும் பார்க்கிற ஆள். ஜனங்க புத்தியை எல்லாம் நான் பார்க்க முடியுமா?" என்பாள்.

நிஜம்தான். அவள் பொறுப்பு பேக் பட்டனும் அந்த மூன்று கோடு மெனுவும் மட்டும்தான்.

ஏப்ரல் முதல் வாரத்தில் ஒரு காலையில், அவள் குழுத் தலைவர் ப்ரணவ் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு அவள் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார்.

"வெயினி, நீங்க மெனுவைத் திறந்தா எப்படி மூடுவீங்க?"

"வெளியில காலியா இருக்கிற இடத்துல ஒரு தட்டு தட்டுவேனுங்க."

"பேக் பட்டன்ல மூட மாட்டீங்களா?"

"அதுல எதுக்குங்க மூடோணும்?"

"எங்கம்மா எல்லாத்தையும் பேக் பட்டன்லதான் மூடுவாங்க. மெனு, போட்டோ, கால்குலேட்டர் எல்லாத்தையும். ஊர்ல பாதிப் பேர் அப்படித்தான். இப்ப நம்ம ஆப்ல மெனுவைத் திறந்துட்டு பேக் அமுக்கிப் பாருங்க."

அவள் சோதனை போனை எடுத்து அமுக்கிப் பார்த்தாள். மெனு மூடிக்கொள்ளவில்லை. பேச்சு போயிருந்தது.

இளவெயினி நிரலைத் திறந்து பார்த்தாள். பேக் பட்டனை அமுக்கியதும் நிரல் முதலில் கேட்க வேண்டிய கேள்வி ஒன்று உண்டு: மெனு திறந்திருக்கிறதா? திறந்திருந்தால் அதை மட்டும் மூடு, பேச்சைத் தொடாதே. மார்ச் கடைசியில் மெனுவை இடப்பக்கத்திலிருந்து கீழே மாற்றியபோது அந்தக் கேள்வி விட்டுப்போயிருந்தது. அவளும் சோதனை செய்தவர்களும் மெனுவை வெளியே தட்டி மூடுகிற ஜாதி. ஒருத்தர்கூட பேக்கை அமுக்கிப் பார்க்கவில்லை.

"எதிராளிகிட்ட கேக்குமே? 'போகட்டுமா'ன்னு?"

"கேக்கலை. மெனுவுக்குள்ள இருந்து வந்தா, சம்மதம் முன்னாடியே வாங்கியாச்சுன்னு உங்க புரோகிராம் நினைச்சுக்குது."

"என்ற புரோகிராம்னு சொல்லாதீங்க. நம்ம புரோகிராம்," என்றாள். பழக்கதோஷம்.

இதில் கொடுமை என்னவென்றால், மெனுவுக்குள் ஜனங்கள் போவதே ஒரு காரியத்துக்காகத்தான். அங்கே 'பத்திரப்படுத்து' என்று ஒன்று இருந்தது. ஒரு பேச்சு மனதுக்குப் பிடித்துவிட்டால் அதைத் தொட வேண்டும், பிறகு அது தவறியும் அழியாது. ஆக, மெனுவைத் திறந்தவர்கள் எல்லாம் ஏதோ ஒரு நல்ல பேச்சைக் காப்பாற்றிக்கொள்ள வந்தவர்கள். பத்திரப்படுத்தும் முன்னாலோ, வேண்டாம் அப்புறம் பார்க்கலாம் என்றோ பேக்கை அமுக்கி, அந்த நல்லதையே தொலைத்திருந்தார்கள். பதினொரு நாள் இப்படி நடந்திருக்கிறது. கல்லூரிப் பெண் ஒருத்தி ஒரு பையனிடம் பிடித்திருக்கிறது என்று சொன்னதையும், அவன் எனக்கும்தான் என்றதையும் தொலைத்தாள். மறுநாள் இருவரும் பஸ் ஸ்டாப்பில் பழையபடி அசடு வழிய நின்றார்களாம். கூட இருந்த தோழி சொல்லித்தான் விஷயமே தெரிந்தது.

விஷயம் செய்திகளில் வந்தது. நினைவுக் காப்பு வாரியம் கம்பெனியைக் கூப்பிட்டுக் கண்டித்தது. பாதிக்கப்பட்ட ஒவ்வொருவருக்கும் தவறு எங்களுடையதே என்று எழுதி, அந்த வேலையைச் செய்தவரே கையெழுத்திட்டு, நேரில் கொண்டுபோய்க் கொடுக்க வேண்டும் என்று உத்தரவு. இளவெயினி ஒவ்வொரு கையெழுத்தையும் பல்லைக் கடித்துக்கொண்டுதான் போட்டாள். ஒவ்வொரு வீட்டிலும் தலையைக் குனிந்துகொண்டு நின்றாள். நாலைந்து வீடுகளில் காப்பி கொடுத்தார்கள், மற்ற வீடுகளில் கொடுக்கவில்லை.

அந்தச் சமயத்தில்தான் நிஷாந்த், மோனிஷா என்ற தம்பதி அலுவலகத்துக்கே வந்தார்கள். நிஷாந்துக்கு அறுபத்திரண்டு வயது, பம்ப் கம்பெனியில் தரப் பரிசோதகராக இருந்து ஓய்வு பெற்றவர். மோனிஷா வேதியியல் டீச்சராக இருந்தவர். இரண்டு பேரும் வரவேற்பறை சோபாவில், நடுவில் ஒரு கைப்பையை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள்.

"நீங்கதானுங்களா அந்த பட்டன் பொண்ணு?" என்றார் நிஷாந்த்.

இளவெயினி பல்லைக் கடித்துக்கொண்டு ஆமாம் என்றாள்.

"மார்ச் இருபத்தெட்டாந் தேதி. சாயங்காலம் அஞ்சு நாப்பத்திரண்டு," என்று அவர் ஒரு நோட்டைப் பிரித்துக்கொண்டார். "டீ குடிச்சிட்டிருந்தோமுங்க. சர்க்கரை கம்மின்னு நான் சொன்னது ஞாபகம் இருக்குது. அடுத்து பார்த்தா டீ ஆறிக் கெடக்குது. என்ற கண்ணுல தண்ணி. இவ கண்ணுலயும் தண்ணி. என்ற இடது கை இவ கைமேல இருக்குது."

"சரிங்க," என்றாள் இளவெயினி. அதில் என்ன விசேஷம் என்று அவளுக்குப் புரியவில்லை.

மோனிஷா முதல்முறையாக வாயைத் திறந்தார். "அம்மிணி, இவரு கை என்ற கைமேல பட்டு பதினோரு வருஷம் ஆச்சு."

அதற்குப் பிறகு கதை மெல்ல மெல்ல வந்தது. பெரிய சண்டை ஒன்றும் இல்லை. ஒரு சின்ன வருத்தம், அதன்மேல் இன்னொன்று, அப்புறம் பேச்சைக் குறைத்துக்கொண்டது, அப்புறம் அறை தனித்தனி. ஒரு வீட்டுக்குள் பதினொரு வருஷம் மோட்டார் போட்டாச்சா, தயிர் வாங்கியாச்சா என்பதைத் தவிர வேறு பேச்சில்லை. மகன் வாங்கிக் கொடுத்து, வில்லையையும் அவனே ஒட்டிவிட்டுப் போன இந்தச் செயலியைக்கூட அவர்கள் ஒருநாளும் தொட்டதில்லை. பேசினால்தானே அழிக்க.

"அப்புறம் நியூஸ்ல பார்த்தோமுங்க," என்றார் நிஷாந்த். "கோளாறுல போனது பூராவும் பத்திரம் பண்ண நெனைச்ச பேச்சுன்னு. அப்பத்தான் வெளங்குச்சு. எங்களுக்குள்ள அன்னைக்கு என்னமோ ரொம்ப நல்லது ஒண்ணு நடந்திருக்குது. அது என்னன்னு தெரியலை."

"அன்னையிலிருந்து தேடறோம்," என்றார் மோனிஷா.

"தேடறீங்களா? எப்படிங்க?"

நிஷாந்த் நோட்டைத் திருப்பிக் காட்டினார். பரிசோதகர் கையெழுத்து, வரிசை எண் போட்டு எழுதியிருந்தது. தினமும் ஐந்தரை மணிக்கு அதே மேஜை, அதே நாற்காலி. அன்றைக்கு என்ன பேசியிருக்கக் கூடும் என்று ஆளுக்கொன்று சொல்வது, அதைப் பேசிப் பார்ப்பது, அதுதானா என்று மனசைத் தடவிப் பார்ப்பது.

"ஏழாவது பாருங்க. இவ அம்மா காரியத்துக்கு நான் வராம ஆடிட்டிங்குன்னு சொல்லிட்டு இருந்துட்டேன். அதுக்கு மன்னிப்புக் கேட்டிருப்பேனோன்னு ஒரு சந்தேகம். சரின்னு கேட்டுப் பார்த்தேன். அது இல்லையாட்ட இருக்குது."

"இல்லைதான். ஆனா அன்னைக்கு நான் நல்லா அழுதேன்," என்றார் மோனிஷா.

"இருபத்தி மூணாவது, நான் பாடறது பிடிக்கும்னு இவ சொல்லியிருப்பான்னு."

"அது கண்டிப்பா இல்லீங்க," என்று மோனிஷா இளவெயினியிடம் சொன்னார்.

இளவெயினிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவர்களும் சிரித்தார்கள். சிரித்துவிட்டு, சிரித்ததற்கு இரண்டு பேரும் கொஞ்சம் வெட்கப்பட்டார்கள். பார்க்க அவ்வளவு நன்றாக இருந்தது.

"பேசினது எதுவும் எங்ககிட்ட இருக்காதுங்க," என்றாள் இளவெயினி. "அதை நிஜமாவே எங்கயும் சேமிக்கறதில்லை. ஆனா ஒவ்வொரு தடவை அழியறப்பவும் ஒரு வரி பதிவாகும். எத்தனை மணிக்கு, மெனுவுல இருந்தா பேச்சுல இருந்தா, எத்தனை பேர் அமுக்குனாங்க. அதைப் பார்த்துட்டு நானே வீட்டுக்கு வந்து லெட்டர் குடுக்கறேன்."

"அது போதுமுங்க. மிஷின் தப்புன்னு எழுத்துல இருந்தா சரி," என்று நிஷாந்த் எழுந்தார்.

அவர்கள் போனதும் அவள் அந்த வரியைத் தேடி எடுத்தாள். மார்ச் 28, மாலை 5.42. ஒன்பது நிமிடம். மெனு: மூடியிருந்தது. அமுக்கியவர்கள்: இருவர். ஆரம்பித்தது நிஷாந்தின் போன். மோனிஷாவின் போன் கேள்வி கேட்டது. நான்கு விநாடி கழித்துச் சம்மதம் வந்தது.

மூன்று தடவை பார்த்தாள். முதலில் அவளுக்கு வந்தது நிம்மதிதான், மறைப்பானேன். அப்பாடா, இது என் தவறில்லை! பிறகுதான் அந்த வரி என்ன சொல்கிறது என்பது மண்டையில் ஏறியது. அந்த இரண்டு பேரும் எதையும் தொலைக்கவில்லை. வேண்டாமென்று சேர்ந்து தூக்கி எறிந்திருக்கிறார்கள். பதினொரு வருஷத்துக்குப் பிறகு ஒருநாள் மனம்விட்டுப் பேசி, பேசிய ஒன்பது நிமிடம் தலையில் இருக்கவே கூடாது என்று இருவருமே முடிவு செய்திருக்கிறார்கள். அதைத்தான் இப்போது நோட்டுப் போட்டுத் தேடுகிறார்கள்.

ப்ரணவ் எட்டிப் பார்த்துவிட்டு, "அட, இது நம்ம கோளாறு இல்லை. ஒரு லெட்டர் மிச்சம்," என்றார்.

"அவங்ககிட்ட இதைச் சொல்றதுங்களா?"

"உண்மை அதுதானே?"

"உண்மைதான். சொன்னா நாளைக்கு அஞ்சரை மணிக்கு அந்த மேஜையில யாரு உக்காருவாங்க?"

"வெயினி, நாம பொய் லெட்டர் குடுக்கக் கூடாது. வாரியம் கேட்டா?"

"உண்மை உண்மைன்னு சொல்றோம். உண்மையை அழிக்கறதுக்குத்தானே பட்டன் விக்கறோம்?"

ப்ரணவ் சட்டைப் பையிலிருந்த பேனாவை எடுத்து அவளிடம் நீட்டினார். "நேர்ல போறது நீங்க. கையெழுத்தும் உங்களோடது," என்று சொல்லிவிட்டுப் போனார். அவரை நல்ல மனிதர் என்றுதான் சொல்ல வேண்டும், கொஞ்சம் பயந்த நல்ல மனிதர்.

அவள் இரண்டு கடிதம் அச்செடுத்தாள். ஒன்று, தவறு எங்களுடையது. இன்னொன்று, இதில் எங்கள் தவறு எதுவுமில்லை, அழித்தது உங்கள் இருவரின் சம்மதத்தோடுதான். இரண்டையும் பையில் வைத்துக்கொண்டு மறுநாள் மாலை வடவள்ளிக்குப் பஸ் ஏறினாள். வழியெல்லாம் யோசித்தாள். செய்யாத தவறை ஒப்புக்கொள்வது அவள் ரத்தத்திலேயே கிடையாது. அதைவிட, இரண்டு பெரியவர்களுக்கு எது நல்லது என்று தீர்மானிக்க இவள் யார்? உண்மையைத்தான் கொடுக்க வேண்டும் என்று பஸ் மருதமலை ரோட்டில் திரும்பும்போது முடிவு செய்தாள். வீட்டுக்குள் நுழைந்ததும் அந்த முடிவு ஆடியது. மேஜைமேல் மூன்றாவதாக ஒரு தம்ளரும் வைத்திருந்தார்கள், அவளுக்காக. தேடுவதற்கு இவளும் ஒரு ஆள் கிடைத்தாள் என்பது மாதிரி.

"அன்னைக்கு எனக்கு சர்க்கரை கம்மியாப் போட்டவ இவ. இன்னைக்கு டீ நான்தான்," என்று நிஷாந்த் சமையலறைக்குப் போனார். உள்ளே பாத்திரம் உருண்டது.

மோனிஷா நாற்காலியை அருகில் இழுத்துக்கொண்டு, குரலைத் தாழ்த்தினார்.

"எந்த லெட்டரு கொண்டாந்திருக்கீங்க அம்மிணி?"

இளவெயினிக்குத் தூக்கிவாரிப் போட்டது. "எந்த லெட்டருன்னா?"

"மிஷின் தப்பா, எங்க தப்பா?"

அவள் மடியிலிருந்த பையை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள்.

"அன்னைக்கு எனக்கு நெனப்பு வந்தப்ப, என்ற கட்டை விரல் போன்மேல இருந்துச்சு. 'போகட்டும்'ங்கற எழுத்துக்கு மேலயே. எடுத்துட்டு போனைக் கவுத்து வெச்சுட்டேன். கோளாறா இருந்தா என்ற போனு எதுக்கு என்ற கையில இருக்குது? முப்பது வருஷம் பசங்களுக்குப் பரிசோதனை சொல்லிக் குடுத்தவ, இது தெரியாதா?"

"அப்ப உங்களுக்கு முன்னாடியே தெரியுமுங்களா?"

"என்ன பேசினோம்னு தெரியாது. வேண்டாம்னுதான் விட்டோம்னு தெரியும். பிரிஞ்சுக்கலாம்னு பேசினோமோ என்னமோ. பேசியிருப்போம், அதுக்கும் பக்கத்துலதான் இருந்தோம்." அவர் சமையலறைப் பக்கம் பார்த்துக்கொண்டார். "ஆனா இவரு நல்லது ஒண்ணு போச்சுன்னு நம்பறாருங்க. நம்பி தெனமும் வந்து உக்கார்றாரு. நானும் கூட உக்காந்து தேடறேன். தேடப்போயி எத்தனையோ கெடைச்சுது. இவருக்கு நெசம் தெரிஞ்சா நின்னுரும். அதை நெனைச்சாத்தான் பயமா இருக்குது."

"சேந்துதான் அமுக்கியிருக்கீங்க. அப்புறம் எதுக்குங்க கையைப் பிடிச்சிருந்தாரு?"

மோனிஷா தன் கையைத் திருப்பிப் பார்த்தார். "அதுதான் எனக்கும் தெரியலை. அது ஒண்ணை மட்டும் நான் நெசமாவே தேடறேன்."

நிஷாந்த் தட்டோடு வந்தார். டீ தளும்பி தட்டெல்லாம் ஈரமாக இருந்தது. இளவெயினி பையைத் திறந்தாள். எந்தக் கடிதம் என்று இப்போது யோசிக்கவே தேவைப்படவில்லை. தவறு எங்களுடையது என்றதை எடுத்துக் கொடுத்தாள்.

அவர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, பரீட்சை முடிவு வாசிப்பது போல உரக்க வாசித்தார். மெனு திறந்திருந்த நிலையில், எங்கள் நிரல் கேட்க வேண்டிய ஒரு கேள்வி விட்டுப்போன காரணத்தால், தங்கள் இருவரின் சம்மதமின்றி, ஒன்பது நிமிடப் பேச்சு, என்று ஒவ்வொன்றையும் நிறுத்தி நிறுத்திப் படித்தார். முடித்துவிட்டு நிமிர்ந்தார். அப்புறம் பிடித்துக்கொண்டார் பாருங்கள்.

"ஏம்மிணி, இப்படியா கவனமில்லாம இருக்கறது? நான் முப்பத்தாறு வருஷம் பம்ப் செக் பண்ணேன். ஒரு வாஷர் விட்டுப்போச்சுன்னாலும் கண்டுபிடிச்சிருவேன். நீங்க ஒரு கேள்வியை முழுசா விட்டுட்டீங்களே! அடுத்தவங்க வீட்டுச் சமாச்சாரம் உங்களுக்கு வெளையாட்டா?"

"விடுங்க, சின்னப் பொண்ணு," என்றார் மோனிஷா.

"சின்னப் பொண்ணா இருந்தா? எங்களோட நல்ல பேச்சு ஒம்பது நிமிஷம் போச்சே! யாரு குடுப்பாங்க?"

வேறு எந்த நாளாக இருந்தாலும் இளவெயினி பத்து காரணம் சொல்லியிருப்பாள். அன்றைக்குத் தலையைக் குனிந்துகொண்டு, "என்ற தப்புதானுங்க," என்றாள். சொன்னதும் ஒரு சந்தோஷம் வந்தது. முந்நூறு வீடுகளில் நிஜமான தவறுக்கு வாங்கிய திட்டெல்லாம் அவளைக் குத்தியது. செய்யாத தவறுக்கு வாங்கிய இந்தத் திட்டு இனித்தது. சர்க்கரை அதிகமான அந்த டீயை மிச்சம் வைக்காமல் குடித்தாள்.

கிளம்பும்போது நிஷாந்த் கேட் வரை வந்தார். தாழ்ப்பாளைத் திறந்தவர் வழிவிடாமல் அங்கேயே நின்றார்.

"அம்மிணி, ரொம்பச் சத்தம் போட்டுட்டேனுங்களா?"

"அதெல்லாம் இல்லீங்க."

"உள்ள அவளுக்கு நல்லாக் கேக்கோணும்னுதான் போட்டேன்." ஒருமுறை வீட்டுப் பக்கம் திரும்பிப் பார்த்துக்கொண்டார். "அமுக்குனது நான்தானுங்க. கண்ணைத் தொறந்து பார்த்தப்ப என்ற வலது கை விரல் அந்தப் பட்டன்மேலயே இருந்துச்சு. மெனுவும் கிடையாது, ஒண்ணும் கிடையாது. உங்க பதிவுல அப்படித்தானே இருக்கும்?"

இளவெயினி பையைத் தோளில் சரியாக மாட்டிக்கொண்டாள்.

"அவ பாவம், நல்லது ஒண்ணு தொலைஞ்சுபோச்சுன்னு நம்பி தெனமும் என்னோட உக்காந்து தேடறா. அவளுக்குத் தெரிய வேண்டாமுங்க. உண்மை லெட்டரைக் குடுத்துருவீங்களோன்னு டீ போடறப்ப பாத்திரத்தைக்கூட உருட்டிட்டேன்."

இளவெயினிக்கு, மோனிஷா சொன்னதை அவரிடம் சொல்லிவிடலாமா என்று நாக்கு நுனிவரை வந்தது. அடக்கிக்கொண்டாள்.

"பதிவுல மெனு திறந்துதான் இருந்துச்சுங்க," என்றாள். "தப்பு என்னோடது."

அவர் அவளை ஒரு கணம் உற்றுப் பார்த்தார். கண் கலங்கியது, ஆனால் முகம் சிரித்தது. தலையை ஆட்டிவிட்டுத் திரும்பி நடந்தார். நடந்துகொண்டே, "ஒரு கேள்வி, ஒரே ஒரு கேள்வி கேக்கறதுக்கு மறந்துட்டாங்களாமா! என்ன வேலை செய்யறாங்களோ!" என்று வீட்டுக்குள் கேட்கும்படி அவளை இன்னொரு முறை திட்டிக்கொண்டே போனார்.